இடது ஓரம்

முப்பத்தைந்தா ஐம்பதா, ஐம்பதா எண்பத்தைந்தா, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மூடித்தான் ஆகவேண்டும். சொட்டு மருந்து விட்ட சிஸ்டர், "தொறக்கக் கூடாது ஐயா, கண்ணு பாப்பா விரியணும், நாங்களே கூப்பிடுவோம்" என்று என் தலையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறாள். எரிகிறது. வெங்காயம் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்ட எரிச்சல். திருச்சியில் இந்தக் கண் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள், அதில் வரிசையாக ஜனம், எல்லோரும் கண்ணை மூடி மோவாயைத் தூக்கிக்கொண்டு, உட்காரும்போது பார்த்தேன், வகுப்பில் ஏதோ தப்புப் பண்ணி நிறுத்திவைத்த பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். இப்போது நானும் அதில் ஒருத்தன். இடது பக்கம் அமலி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைப்பையின் ஜிப் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. என்னத்தைத் தேடுகிறாளோ. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பைக்குள் அவள் தேடியது கிடைத்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி மாற்றத்தான் வந்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் அப்படிச் சொன்னேன். நினைத்துக்கொண்டிருக்கட்டும். முதலில் லென்ஸ். சாயங்காலத்துக்குள் பஷீர் பாய்க்குப் பதில் சொல்லவேண்டும். என் பழைய கேமராவையும் அதோடு சேர்ந்த அத்தனை லென்ஸ்களையும் அவர் கடையில் வைத்துவிட்டு வந்தாயிற்று, அதற்கு மாற்றாக ஒரு புது மிரர்லெஸ் கேமராவும் அதற்கேற்ற இரண்டு லென்ஸும் தருகிறேன் என்கிறார், "ரெண்டே ரெண்டுதான் சவரி, எதுன்னு யோசிச்சுச் சொல்லு, ரெண்டுக்குள்ள ஒன் பொழப்பு மொத்தமும் அடங்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். லால்குடியில் ஸ்டூடியோ போட்டதிலிருந்து பையில் கிடந்ததெல்லாம் போய் இனிமேல் இரண்டு. நல்லதுதான், தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே போய்விட்டது, சட்டை தைக்கிற டெய்லர்கூடச் சொல்கிறான்.

முப்பத்தைந்து என்றால் அகலம். எண் சிறிசாக இருந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், பெரிசாக ஆக ஆகக் குறுகிக்கொண்டே போய் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும், இவ்வளவுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம், மற்றதெல்லாம் நிற்கிற இடம். மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்கு இரண்டு பக்கமும் சித்தப்பா பெரியப்பா அத்தை மாமா, அவர்கள் பெற்றது பெறாதது எல்லாம் ஏறி நின்றுகொள்ளும்போது முப்பத்தைந்துதான் கைகொடுக்கும். ஐம்பது, நாம் சும்மா பார்க்கிற மாதிரியே பார்க்கும், கூட்டாது குறைக்காது, நேர்மையான லென்ஸ். எண்பத்தைந்து முகத்துக்கு. தாலி ஏறும்போது பெண்ணின் முகம், அப்பன்காரன் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சுவது, அதற்கெல்லாம். அப்படியானால் முப்பத்தைந்தும் எண்பத்தைந்தும், ஒன்று ஊருக்கு, ஒன்று முகத்துக்கு, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், எனக்கும் அது போன மாதமே தெரியும், பிறகு ஏன் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து என்று நினைத்தவுடன் வாத்தியார் தங்கவேலு வந்து நிற்கிறார். ஆல்பத்தைக் கையில் விரித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார் மனுஷர், "தம்பி, எங்க அண்ணன எங்க?" என்றார். குடும்பப் படத்தில் ஒரு தோளும் அரைக் காதும் வேட்டிக்கரையும் இருந்தது, அதுதான் அவர் அண்ணன். எழுபது வயசு, மலேசியாவிலிருந்து இந்தக் கல்யாணத்துக்காகவே வந்தவர், தம்பி மகள் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட ஒரே படம், திரும்பிப் போயும் விட்டார். வாத்தியார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். ஆல்பத்தை மேஜைமேல் விட்டுவிட்டு, தேங்காய் பழப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் பழைய படங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. புள்ளம்பாடிக் கல்யாணத்தில் ஒரு அத்தைக்குப் பாதி முகம், ஞானஸ்நானப் படத்தில் ஞானத்தகப்பன் பிள்ளையைத் தாங்குகிற கை மட்டும். எல்லாமே இடது ஓரம். லென்ஸ்தான் கோளாறு, இல்லையென்றால் கேமராவின் உள்ளே இருக்கிற கண்ணாடி நகர்ந்திருக்கிறது, கண் வைத்துப் பார்க்கிற ஓட்டையில் ஒன்று காட்டுகிறது, படத்தில் வேறொன்று விழுகிறது என்று அடித்துச் சொன்னேன். பஷீர் பாயும் ஆமாம் என்றார், வியாபாரி. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிடு என்றார். கடையில் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன், உள்ளே குட்டி டிவி மாதிரி கடை தெரிந்தது, மேஜை, கால்குலேட்டர், பாய், பளிச்சென்று இருந்தது. எடுத்துப் போட்டுப் பார்த்தால் படத்தில் பாயின் இடப்பக்கம் அவர் மருமகன் கைகட்டி நிற்கிறான். அவன் எப்போது வந்தான் என்று கேட்டேன். அவன் முதலிலிருந்தே அங்கேதான் நிற்கிறான் என்றார்கள்.

யாரோ ஆரஞ்சுப் பழம் உரிக்கிறார்கள். வாசனை எதிர் வரிசையிலிருந்து வருகிறது. ஆஸ்பத்திரி என்றால் ஆரஞ்சு என்று யார் கண்டுபிடித்தது. தொண்டை வறண்டு கிடக்கிறது, அமலியிடம் தண்ணீர் கேட்கலாம், கேட்டால் பேச்சு வரும், பேச்சு வந்தால் உள்ளே என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்பாள். வேண்டாம். அந்த டெஸ்ட். போன தடவை நான் மட்டும் வந்தபோதும் அதைத்தான் எடுத்தார்கள். வெள்ளையாக ஒரு பெரிய கிண்ணம், அதற்குள் முகத்தை வைக்கவேண்டும், மோவாயைத் தாங்க ஒரு பலகை, ஒரு கண்ணைக் கட்டிவிடுவார்கள், நடுவில் மஞ்சளாக ஒரு விளக்கு, அதையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சுற்றிலும் அங்கங்கே கடுகளவு வெளிச்சம் மின்னி மறையும், தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்கவேண்டும். பொத்தானைக் கையில் கொடுத்ததும் எனக்கு ஏக குஷி. வாழ்க்கை பூராவும் நான் செய்தது வேறென்ன. கெட்டிமேளம் என்ற சத்தம் எழும்பும்போதே விரல் இறங்கிவிடவேண்டும், தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டு அமுக்கினால் ஐயர் கைதான் படத்தில் இருக்கும், மோதிரம் மாற்றுகிறபோதும் அப்படித்தான், சாமியார் வாயைத் திறப்பதற்குள் அமுக்கவேண்டும், பார்த்து எடுக்கிறவன் படம் எடுக்கமாட்டான், வரப்போவதை எடுக்கிறவன்தான் எடுப்பான். அந்த மெஷினுக்கும் ஒரு தாளம் இருந்தது, உள்ளே சின்னதாக ஒரு உறுமல், ஒரு இடைவெளி, மின்னல். இரண்டு நிமிஷத்தில் தாளத்தைப் பிடித்துவிட்டேன். தாளத்துக்கு அமுக்கினேன். அங்கிருந்த பெண் முதலில் பொறுமையாகச் சொன்னாள், அப்புறம் கோபமாகவே, "சார், வெளிச்சம் வராதப்பவும் அமுக்குறீங்க, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்றாள். தெரிந்துதான் அமுக்கினேன் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு இதை நம்பமுடியாது, கண்ணில் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, நரம்பு தேய்கிற மாதிரித் தெரிகிறது, இந்த நோயில் போன பார்வை திரும்ப வராது, மிச்சத்தைத்தான் காப்பாற்றமுடியும், அடுத்த வாரமே திரும்ப வாருங்கள் என்றார். நம்பமுடியாது என்றது மட்டும் எனக்குக் காதில் நின்றது. நம்பமுடியாத ரிப்போர்ட்டுக்கு ஏன் பயப்படவேண்டும். தை மாதம் வந்தது, மாசி வந்தது, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடினேன். அமலிதான் ஒரு நாள், கண்ணாடி மாத்தணும் மாத்தணும்னு வாயில மட்டும் சொல்லிட்டு இருக்கீங்க, நாளைக்குப் போறோம் என்று பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்றைக்குக் காலையில் அதே கிண்ணம், அதே பெண். இந்தத் தடவை தாளத்துக்கு ஆடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், கண்ணால் பார்த்தால் ஒழிய அமுக்கமாட்டேன் என்று. வலது கண்ணில் இடப்பக்கத்து வெளிச்சம்தான் அதிகம் வரவில்லை, மற்றது ஒரு மாதிரி போயிற்று. பிறகு அதைக் கட்டிவிட்டு இடது கண். மெஷின் உறுமியது. இடைவெளி. எதுவும் வரவில்லை. மறுபடி உறுமியது. வரவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டது போல என்று வாய்வரை வந்தது, கேமராவின் மேல் பழியைப் போட்ட அதே வாய். நடுவில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உறுமல், இடைவெளி, உறுமல், இடைவெளி. ஒவ்வொரு உறுமலுக்கும் எங்கேயோ ஒரு வெளிச்சம் வந்து போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. வேர்த்தது. அந்தப் பெண் இந்தத் தடவை ஒன்றுமே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை, முடிந்ததும் மெதுவாகக் கட்டை அவிழ்த்து, "பாத்து எந்திரிங்க சார்" என்று கையைப் பிடித்தாள். போன தடவை கையைப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாததால் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன், மூடிய கண்ணுக்குள், பயமாக இருக்கிறது. இருட்டாகத் தெரியும் என்றுதானே நினைப்போம், ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை இறங்கும் என்று. இல்லை, கறுப்பே இல்லை, இருக்கிற சுவரை இழுத்து அந்த இடத்திலும் பூசிக்கொள்கிறது மூளை, ஆள் நின்ற இடத்தில் சுவர் தெரிகிறது, சுத்தமாக, அழகாக. வாத்தியாரின் அண்ணன் நின்ற இடத்தில் ரோஜாப்பூ அலங்காரம் தெரிந்தது எனக்கு. இடது கண்ணை முப்பது வருஷமாக மூடியே வைத்திருந்தேன், வலதைக் கேமராவில் வைத்தால் இடதை மூடவேண்டும், தொழில் அப்படி. மூடியிருந்த கண் மூடிய கதவுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது, எட்டிப்பார்க்க எனக்கு ஏது நேரம்.

அப்படியானால் முப்பத்தைந்து வேண்டாம். அதுதான் விஷயம், இதற்குத்தான் இவ்வளவு சுற்று. அகலமே வேண்டாம். ஐம்பதும் எண்பத்தைந்தும் போதும், நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கிறவனாக ஆகிவிடலாம், ஒரு முகம், இரண்டு முகம், மேடைக் கூட்டமெல்லாம் வேறு யாராவது சின்னப் பையன்கள் எடுக்கட்டும், நான் முகம்தான் எடுப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்பவனுக்குப் பெரிய கலைஞன் மாதிரிகூட இருக்கும். எத்தனை நாளைக்கு. எண்பத்தைந்துக்கும் உள்ளே பார்வை குறுகினால். அப்புறம் இன்னும் குறுகலான டெலி லென்ஸ், அப்புறம் ஒரு ஆளின் ஒரு கண், மூக்கு நுனி. அமலியிடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது. இவள் வேறு இப்போதெல்லாம் சும்மாவே இருப்பதில்லை, வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு லெஃப்ட்ல பஸ்ஸுங்க, லெஃப்ட்ல ஆடுங்க என்று வழி பூராவும் பேச்சு, ஒரு நாள் வண்டியை நிறுத்தி, நீயே ஓட்டு என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன். கோயிலில் பூசைக்கு நிற்கும்போது எப்போதும் என் வலப்பக்கம் நிற்கிறவள் இடப்பக்கம் மாறிக்கொண்டாள், கேட்டால் அந்தப் பக்கம்தான் காற்றாடி இருக்கிறதாம். மேடையிலும் அப்படித்தான், பெண்ணுக்கு முந்தானை சரிசெய்ய, மாலையைத் திருப்பிவிட என்று கூட வருகிறவள், இப்போது நான் கேமராவைத் தூக்கினாலே ஓரத்தில் போய் நின்றுகொண்டு, அண்ணே உள்ள வாங்க, அக்கா நெருக்கி நில்லுங்க என்று எல்லோரையும் நடுவுக்குத் தள்ளுகிறாள், புளிமூட்டை அடைக்கிற மாதிரி. படம் எடுப்பது நீயா நானா என்று ஒருதரம் எல்லோர் முன்னாலேயும் கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போனாள். அடுத்த படத்துக்கும் அங்கேயே போய் நின்றாள். என்ன பிடிவாதம். எல்லாமே மாறித்தான் போயிற்று, பந்தியில்கூட இப்போதெல்லாம் உப்பும் ஊறுகாயும் வைப்பதில்லை, இலை போட்டதும் இடது மூலையில் முதலில் விழுவதே அவைதானே, அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள், போன வாரம்கூடப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

சட்டைப் பையில் போன் அடிக்கிறது. நெஞ்சுமேல் அதிர்கிறது. கை போவதற்குள் இடப்பக்கத்திலிருந்து அமலியின் கை வந்து எடுத்துவிட்டது. கண்ணாடி வளையல் என் தாடையில் உரசியது, குளிர்ச்சியாக.

"பாய், நான் அமலி பேசுறேன். அவருக்குக் கண்ணுல மருந்து ஊத்தியிருக்கு... ஆமாம்ண்ணே... லென்ஸா? இருங்க."

"அம்பதும் எண்பத்தஞ்சும்னு சொல்லு" என்றேன்.

அவள் சொல்லவில்லை.

"பாய், முப்பத்தஞ்சு ஒண்ணு எடுத்து வைங்க. அதோட எண்பத்தஞ்சு. அவ்வளவுதான்... ஆமாம், நிச்சயமாத்தான். நாளைக்கு வந்து வாங்கிக்கிறோம்."

போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் அலுப்பாக ஆகிவிட்டது. "முப்பத்தஞ்சு வேணாம் அமலி" என்றேன், குரலைத் தணித்து. "அதுல எனக்கு ஓரம்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒங்களுக்கு ஓரம் தெரியலன்னு தெரியும்." பை ஜிப்பை மூடினாள். "எலையில ஊறுகா இருந்துச்சுங்க."

"எந்த எலையில?"

"எல்லா எலையிலயும். ஒவ்வொரு கல்யாணத்துலயும் வச்சாங்க. ஒங்க எலையில மூலையில இருந்துச்சு, நீங்க அந்தப் பையனத் திட்டிட்டு இருந்தீங்க. நான்தான் பக்கத்துல இருந்து வழிச்சு நடுவுல, சோத்துப் பக்கம் தள்ளி வச்சேன். அப்பத் தொட்டுக்கிட்டீங்க."

ஊறுகாய். மாங்காய், எலுமிச்சை, எந்த ஊறுகாய் என்று கேட்க வேண்டும்போல இருந்தது, என்ன புத்தி இது. காற்றாடி. லெஃப்ட்ல பஸ்ஸுங்க. அண்ணே உள்ள வாங்க. அந்தப் பக்கம்தான் காற்று வருது. ஒவ்வொன்றாக வந்து உட்கார்கிறது, நான் போட்ட கத்தலோடு சேர்ந்து. எல்லோர் முன்னாலேயும் கேட்டேனே, நீயா நானா என்று. அப்புறமும் போய் அதே இடத்தில் நின்றாளே.

"எப்பலேருந்து?"

"மாதா திருநாள் சப்பரத்தன்னைக்கு. ஒங்க இடதுபக்கம் நின்னு கையக் காட்டுறேன், காட்டிக்கிட்டே நிக்கிறேன், என்னைய எங்கயோ தேடுறீங்க."

அது போன ஆவணி. மழைக்காலம் போய், தை மாசி போய், இத்தனை மாசமாக.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

வளையல்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று நினைத்தேன், பார்க்க முடியவில்லை, கண்ணைத் திறக்கக்கூடாது. "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை தனியா வந்துட்டுப் போனீங்க. கண்ணாடி மாத்தணும்னு சொன்னீங்க. நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, வீட்டில் மளிகை சொல்கிற குரலில், "முப்பத்தஞ்சே இருக்கட்டும். வர்றவங்க எல்லாரும் படத்துல இருக்கணும்ல. ஓரத்துல நான் நிக்கிறேன்" என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. அவளும் அதைக் கணக்குப் போடாமல் இருந்திருக்கமாட்டாள். எரிச்சல் அடங்கிவிட்டது, இமைக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது, துவாரத்தை முழுசாகத் திறந்துவைத்த லென்ஸ் இப்படித்தான் இருக்கும் உள்ளே இருந்து பார்த்தால். களைப்பாக இருக்கிறது. இப்படியே சாய்ந்து தூங்கிவிடலாம், கூப்பிடாமலே இருக்கட்டும், அந்த அறைக்குள் டாக்டரம்மா காகிதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும், எனக்குத் தெரியாத இடமெல்லாம் அதில் எவ்வளவு கறுப்பாக விழுந்திருக்கிறதோ விழுந்திருக்கட்டும். தங்கவேலு வாத்தியாரிடம் போய்ச் சொல்லவேண்டும், கேமரா இல்லை சார், நான்தான் என்று. அதற்கு எப்போது தெம்பு வருமோ. "சவரிமுத்து, லால்குடி" என்று சிஸ்டர் கூப்பிட்டாள்.

கண்ணைத் திறந்தேன். எல்லாம் வெளுத்து, ஜன்னல் வெடித்து, ஆட்களெல்லாம் வெள்ளைக்குள் கரைந்து கிடந்தார்கள், இதை ஆல்பத்தில் வைத்தால் காறித் துப்புவார்கள். எழுந்தேன். இடது கையை நீட்டுவதற்குள் அவள் தோள் அங்கே வந்துவிட்டது. கண்ணை மட்டும் திருப்பினால் போதாது என்று, கழுத்தையே முழுசாக இடப்பக்கம் திருப்பி அவளைப் பார்த்தேன், எத்தனையோ மாசத்துக்கு அப்புறம். மங்கலாகத்தான் இருந்தாள். ஆனால் இரண்டு காதும், இரண்டு தோளும், கைப்பையும் எல்லாம் இருந்தது. "நீயும் உள்ள வா" என்றேன்.